சாந்தி அக்கா வண்டியும் என் அஞ்சு நிமிஷமும்

இன்னிக்குக் காலைல ஈசூன்ல, எங்க அடுக்குமாடி புளோக்கோட கார்பார்க் நாலாவது மாடில...

சாவியத் திருப்புறேன்.

“டிக்.”

அவ்ளோதான்! திரும்பத் திருப்புறேன். “டிக்.” மூணாவது தடவ அந்த டிக் கூட இல்ல.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

வண்டி என்னோடது இல்லங்க. மேல் வீட்டு சாந்தி அக்காவோடது. கூட இருக்குற அவங்க அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன்னு, ஆறு மாசம் முன்னாடி ரெண்டு பேரும் திருச்சி போனாங்க. போகும்போது அக்கா வண்டிச் சாவிய என் கைல குடுத்து, “வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வச்சிரு. வேற யார நம்பிக் குடுக்குறது?”ன்னாங்க.

(என்கிட்ட மணி பிளான்ட்டே பொழைக்காது. அது அவங்களுக்குத் தெரியாது.)

இன்னிக்கு சாயங்காலம் அக்கா அம்மாவோட வந்து இறங்குறாங்க. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அம்மாவ இந்த வண்டிலதான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும். நேத்து ராத்திரிதான், “வண்டி ரெடியா இருக்குல்ல?”ன்னு மெசேஜ் போட்டாங்க. நானும் பெருமையா, “சூப்பரா இருக்குக்கா!”

பானெட்டத் திறந்து பாப்போம்னு ஒரு லீவர இழுத்தேன். பெட்ரோல் மூடி திறந்துச்சு. பேசாம மூடிட்டேன்.

அப்புறம் ஃபாரூக் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஜாலான் புசார் பக்கம் வொர்க்‌ஷாப் வச்சிருக்காரு, சாந்தி அக்கா வண்டிய எப்பவும் அவர்தான் பாப்பாரு. ஒரு மணி நேரத்துல வந்துட்டாரு. ஆயில் குச்சிய உருவிப் பாத்தாரு, தண்ணி பாத்தாரு, டயர ஒரு உதை விட்டாரு. அப்புறம்தான் விசாரணை!

“எவ்ளோ நாளா ஸ்டார்ட் பண்ணல, தங்கச்சி?”

“என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! வாரா வாரம் வெள்ளிக்கிழமை தவறாம ஸ்டார்ட் பண்ணேன். போன்ல அலாரம் வச்சு, கரெக்டா அஞ்சு நிமிஷம்!”

“ஓட்டலயா?”

“எனக்கு லைசன்ஸே இல்லண்ணே.”

“ஏர்கான் போட்டியா?”

“வேர்க்குதுல்ல?”

“ரேடியோ?”

“அஞ்சு நிமிஷம் சும்மா எப்படிண்ணே உக்காந்திருக்கிறது?”

“லைட்டு?”

இங்கதான் நான் கொஞ்சம் முழிச்சேன். விஷயம் என்னன்னா, அக்கா வீடு ஆறு மாசமா பூட்டிக் கெடக்கு. வீட்டுச் சாவி என்கிட்ட இல்ல. வெள்ளிக்கிழமையும் அதுவுமா அவங்க வீட்டுல விளக்கேத்த ஆள் இல்லையேன்னு எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அதனால, வண்டிலயாவது விளக்கு எரியட்டும்னு ஹெட்லைட்டப் போட்டுருவேன். என்ஜின ஆஃப் பண்ணதும் உடனே லைட்ட அணைக்க மனசு வராது. இன்னொரு பத்து நிமிஷம் விட்டுட்டு, ஒரு கும்பிடு போட்டுட்டுதான் அணைப்பேன்.

சொன்னேன்.

ஃபாரூக் அண்ணன் கைல இருந்த துணியக் கீழ வச்சுட்டாரு.

“தங்கச்சி, ஸ்டார்ட் பண்றதுக்கே பேட்டரில இருந்து நெறைய கரண்ட் போகும். போனது திரும்ப ஏற அர மணி நேரமாவது ஓடணும் லா. நீ அஞ்சு நிமிஷத்துல ஆஃப் பண்ணிட்டு, மிச்சத்தையும் லைட்டப் போட்டு உறிஞ்சிருக்க!”

“அப்ப ஸ்டார்ட்டே பண்ணாம விட்டிருந்தா?”

“அப்பவும் செத்திருக்கும்.”

“அப்ப நான் என்னதாண்ணே பண்ணியிருக்கணும்?”

“பேட்டரி வயரக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கணும்.”

அப்ப ஒண்ணுமே பண்ணாதவங்கதான் பொறுப்பானவங்களா?! எனக்கு ஒண்ணும் புரியல.

அவர் சின்னதா ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தாரு. அதுல இருந்து ரெண்டு கிளிப்ப எடுத்து பேட்டரில மாட்டுனாரு. “இப்பத் திருப்பு.”

வண்டி இருமுச்சு. முனகுச்சு. பின்னாடி குப்புன்னு ஒரு புகை... ஓட ஆரம்பிச்சிருச்சு! நான் நெஜமாவே அழுதுட்டேங்க. (மாஸ்க் போட்டிருந்தேன், தெரியல.)

“கொஞ்ச நேரம் ஓடட்டும், தொடாத”ன்னு சொல்லிட்டு அண்ணன் டயருக்குக் காத்தடிக்கப் போனாரு. நான் சீட்ல உக்காந்திருக்கேன். போன்ல டைம் பாத்தேன். அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஆறு மாசப் பழக்கம், கை தானாப் போயி...

ஆஃப் பண்ணிட்டேன்.

கார்பார்க்கே அமைதியாயிருச்சு. அண்ணன் மெதுவாத் திரும்பிப் பாத்தாரு. திட்டியிருந்தாக் கூடப் பரவாயில்ல!

மறுபடி கிளிப், மறுபடி இருமல். இந்தத் தடவ என்னை சீட்ட விட்டே எறக்கிட்டாரு. அவரே ஓட்டிட்டுப் போயி, வொர்க்‌ஷாப்ல புது பேட்டரி போட்டு, நாலு மணிக்குக் கொண்டு வந்து விட்டாரு.

சாயங்காலம் சாந்தி அக்கா டாக்சில வந்து இறங்குனாங்க. கூடவே அவங்க அம்மா, வீல்சேர்ல. வந்ததும் வராததுமா, “வண்டி நல்லா இருக்கா?”ன்னு அக்கா கேட்டாங்க.

‘இருக்குக்கா’ன்னு சொல்லிட்டுத் தப்பிச்சிருக்கலாம். நம்பிக் குடுத்தவங்ககிட்டப் பொய் சொல்ல வாய் வரல. லிஃப்ட் முன்னாடியே எல்லாத்தையும் கொட்டிட்டேன். அஞ்சு நிமிஷம், ஏர்கான், ரேடியோ, ஹெட்லைட், கும்பிடு...

“அக்கா, உங்க பேட்டரியக் கொன்னது நான்தான். சாரிக்கா.”

அக்கா என்னையே பாத்துட்டு நின்னாங்க.

அம்மாதான் என் கையப் புடிச்சாங்க.

“வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எங்க பேர்ல விளக்கு வச்சியாம்மா?”

“ஹெட்லைட்தாம்மா...”

“எதா இருந்தா என்ன? திருச்சில ஆஸ்பத்திரில கெடக்குறப்ப, வீடு இருட்டாக் கெடக்கேன்னு அழுதுட்டே இருப்பேன். நான் பொழச்சு வந்துட்டேன். பேட்டரி போனாப் போவுது!”

அக்கா திரும்பி நின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்து உக்காந்து யோசிக்கிறேன், யோசிக்கிறேன், இன்னும் தெளியல.

ஃபாரூக் அண்ணன், நான் லைட்டப் போட்டுத்தான் வண்டி செத்துச்சுங்குறாரு. அம்மா, நான் லைட்டப் போட்டுத்தான் அவங்க பொழச்சாங்கங்குறாங்க.

நீங்களே சொல்லுங்க மக்களே, நான் பண்ணது சரியா தப்பா?

(ஃபாரூக் அண்ணன் இந்தப் பதிவப் பாத்தா, தயவுசெஞ்சு கமென்ட் பண்ண வேணாம்ணே!)