பையில் இருந்த துப்பட்டா

நான் அங்கேதான் இருந்தேன். இல்லை என்று சொன்னேன்.

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். கணவரிடம்கூடச் சொன்னதில்லை. முழங்காலில் நின்று எத்தனையோ பாவங்களை அறிக்கையிட்டிருக்கிறேன். இந்த ஒன்றுக்கு வரும்போது மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது... அதனால்தான் சொல்ல முடிகிறதோ என்னவோ.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கணவருக்குக் கல்பாக்கத்தில் உத்தியோகம் கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து வந்து மாமல்லபுரத்தில் குடியேறியவர்கள் நாங்கள். திருப்போரூரை அடுத்த காலனியில் இருந்த சிறிய சபைக்குப் போவோம். அங்கே நான் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். அந்தப் பிள்ளைகளைத் திருத்தவே கர்த்தர் என்னை அனுப்பினார் என்று ஒரு நினைப்பு எனக்கு!

ஒரு பெண் பொது இடத்தில் உடுத்தும் விதமே அவளுடைய சாட்சி என்று கற்பித்தேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதும் நீ ஆலயத்தில் நிற்கிறாய், எந்தச் சகோதரனுக்கும் இடறலாகாதே என்பேன். துப்பட்டாவை இரு தோளிலும் பின் குத்தியிருக்க வேண்டும். இல்லாமல் வருகிறவளுக்கு ஆலய வாசலிலேயே கொடுத்துப் போர்த்துவதற்கென்று, என் கைப்பையில் எப்போதும் இரண்டு வெள்ளைத் துப்பட்டாக்கள் வெளுத்து, மடித்து இருக்கும். பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் அதை ‘டீச்சர் கடை’ என்று கேலி செய்வார்கள். அடக்கமான உடை தவறென்று இன்றும் நான் சொல்லமாட்டேன். தவறு உடையில் இல்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி லீதியாள். பாடகர் குழுவில் முதல் குரல் அவளுடையது. அவர்கள் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய முதல் ஆள். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சிங் படிக்க இடம் கிடைக்கும் நிலையில் இருந்தது. போதகர் கையெழுத்திட்ட நற்சான்று மட்டும்தான் பாக்கி.

ஒரு சனிக்கிழமை, வேறு சபையார் வீட்டில் ஒரு ஜெபத்தை முடித்துவிட்டு திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் மாமல்லபுரம் பேருந்துக்காக நின்றிருந்தேன். சித்தம் கலங்கிய ஒரு பெண் கடைகளின் ஓரமாக வந்தாள். அவள் உடம்பில் ஒரு துணியும் இல்லை. ஆண்கள் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் தண்ணீரை வீசி விரட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேருந்து சீக்கிரம் வர வேண்டுமென்று ஜெபித்தேன்.

அப்போதுதான் செங்கல்பட்டுப் பேருந்திலிருந்து லீதியாள் இறங்கினாள். ஒரு நொடி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். நேரே என்னிடம் ஓடி வந்தாள்.

“டீச்சர், பையில துப்பட்டா கீதுங்களா?”

இருந்தது. இரண்டு இருந்தன! ஆனால் அந்த அழுக்கு உடம்பில் பட்டால் அது திரும்பி வராதே என்று நினைத்தேன். அத்தனை ஆண்களின் கண்ணும் என் பக்கம் திரும்புமே என்றும் நினைத்தேன். பேருந்து வந்துவிட்டது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். ஜன்னல் வழியே பார்த்தேன்... அவள் தன் தோள்களிலிருந்த பின்களைக் கழற்றி, தன் துப்பட்டாவை உருவி, அந்தப் பெண்ணின் இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் துப்பட்டா இல்லாமல் கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்து போயிருக்கிறாள். அதை மட்டும் எங்கள் சபை மூப்பர் ஒருவர் பார்த்திருக்கிறார்.

மறுநாள் ஆராதனைக்கு வந்தபோதும் அவள் தோளில் துப்பட்டா இல்லை. அவளிடம் இருந்ததே அது ஒன்றுதானாம். வாசலில் நின்ற நான் பையைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். “தேங்க்ஸ் டீச்சர்” என்று வாங்கிப் போர்த்திக்கொண்டாள். அந்தக் கணத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா!

ஆராதனை முடிந்ததும் போதகரின் அறைக்கு அவளை அழைத்தார்கள். பெண்கள் தரப்பில் நானும் உட்கார வேண்டியிருந்தது. மூப்பர் தாம் கண்டதைச் சொன்னார். போதகர் அவளை விசாரித்தார்.

“கட்டிக்க துணி இல்லாம ஒரு பொம்பள நின்னுகினு இருந்துச்சு அய்யா. அதுக்குக் குடுத்துட்டேன். டீச்சரும் அங்கதான் இருந்தாங்க, கேளுங்க” என்றாள். என்னிடம் கேட்டதையும் நான் கொடுக்காததையும் அவள் சொல்லவில்லை.

மூப்பர், அப்படி ஒருத்தியைத் தாம் பார்க்கவே இல்லை என்றார். போதகர் என் பக்கம் திரும்பினார். என் மடியில் அந்தப் பை இருந்தது. ஆம் என்றால், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பாரே...

“நான் நேற்று திருப்போரூருக்கே வரவில்லை அய்யா.”

லீதியாள் என்னைப் பார்த்தாள். கோபத்தோடு பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என் கை மடியில் இருந்த பையை மறைத்துப் பிடித்திருந்ததைப் பார்த்தாள் என்றே நினைக்கிறேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “வேற யாரோ போல அய்யா. நான்தான் சரியா பாக்கல” என்றாள்.

என்னை அவள் மூடினாள். முந்தின நாள் அந்தப் பெண்ணை மூடியது போலவே.

சில மாதங்களுக்கு அவளுக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் இல்லை. பாட்டு இல்லை. கடைசி பெஞ்ச். பொய்யும் சொன்ன பெண்ணுக்கு நற்சான்று எப்படி எழுதுவது என்று போதகர் மிகுந்த மனவருத்தத்தோடு மறுத்துவிட்டார். நர்சிங் இடம் வேறொருத்திக்குப் போயிற்று. ஒரு வார்த்தை... நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்! வாரந்தோறும் போதகரிடம் சொல்லிவிடத்தான் போனேன். வாரந்தோறும் சொல்லாமல் திரும்பினேன். கொடுத்த துப்பட்டாவைத் துவைத்து மடித்து என்னிடம் திருப்பித் தந்த ஞாயிறோடு அவள் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

ஆண்டுகள் ஓடின. பழைய மாமல்லபுரம் சாலையில் கம்பெனிகள் வந்தன. கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து ஜீன்ஸ் போட்ட பெண்கள் எங்கள் ஆலயத்துக்கு வரத் தொடங்கினார்கள். எல்லோரும் என் பையைப் பார்ப்பார்கள். என்னால் அதைத் திறக்க முடியவில்லை. டீச்சருக்கு வயதாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசியில், அவள் கோவளத்தில் குடியிருப்பதாகக் கேள்விப்பட்டு, சொல்லியே தீருவதென்று போனேன். வீட்டு வாசலில் நைட்டியோடு குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குடத்தை அப்படியே விட்டுவிட்டு, கொடியில் கிடந்த துண்டை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

“வாங்க டீச்சர்” என்றாள்.

டீ போட்டுக் கொடுத்தாள். கேளம்பாக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறாளாம். பேசிய நேரமெல்லாம் துண்டின் இரு முனைகளையும் கழுத்தருகே பிடித்தபடியே நின்றாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு திருப்போரூரில், என்று தொடங்கினேன்.

“விடுங்க டீச்சர். டீ ஆறிடப் போவுது.”

குடித்தேன். எழுந்தேன். வருகிறேன் என்றேன். தெருமுனையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவள் துண்டை எடுத்து மறுபடி கொடியில் போட்டுவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.