ஜிம்மிக்கு லிஃப்ட் உண்டு

பெங்களூரின் அல்சூர் ஏரியைச் சுற்றி அதைச் செய்யாதே, இதைச் செய்யாதே என்று மிரட்டும் பலகைகளில் பாதி யாமினி வெட்டியவை. வண்டி நிறுத்தாதே, எச்சில் துப்பாதே, பூப்பறிக்காதே. பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டைவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள், யூஜின் அண்ணனின் போர்டுக் கடையில் லேசர் மிஷின் ஓட்டினாள். ஊருக்கே உத்தரவு போடும் உத்தியோகம் என்று கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தக் கர்வத்தில் மண் விழுந்தது ஒரு தங்க நிறப் பலகையால். "வேலையாட்கள் இந்த லிஃப்டில் ஏறக் கூடாது. செல்லப்பிராணியைக் கயிற்றில் பிடித்து வருபவர்களுக்கு மட்டும் விலக்கு" என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் வெட்டி, தூசி தட்டி, முகவரி ஒட்டும்போதுதான் பார்த்தாள். அவள் அம்மா தனபாக்கியம் ஒன்பதாவது மாடியில் சமைக்கிற அதே கட்டடம்.

வேலையாட்களுக்கென்று தனி லிஃப்ட் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் படுத்தது, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அம்மா படியேறினாள். சாயங்காலம் வந்து காலை நீட்டினால் முழங்கால் டீயில் ஊறிய பன் மாதிரி இருக்கும். பார்த்தால் யாமினிக்கு அழுகை வரும். வாயைத் திறந்தால் வருவது என்னவோ கிண்டல்தான்.

"நீ நாயா பொறந்திருந்தா ஜம்முனு லிஃப்டுல போயிருப்பம்மா."

அம்மா சிரித்தாள். யாமினி சிரிக்கவில்லை. சொன்ன பிறகுதான் மண்டைக்குள் ஏதோ பொறி தட்டியது.

நிஜ நாய் வளர்க்க வீட்டுக்காரர் விடமாட்டார். ஆனால் கடைக் கணினியில் ஒரு மென்பொருள் சும்மா கிடந்தது. நடக்கும் சிலந்தி பொம்மை ஒன்றுக்குத் துண்டு வெட்ட வந்த கல்லூரிப் பையன்கள் ஏற்றிவிட்டுப் போனது. திரையில் குச்சிகளை ஒன்றோடொன்று கோத்துவிடலாம். பல்சக்கரம் சுற்றினால் குச்சிகள் காலாக மடங்கி நீளும், பாதம் போகும் வழி சிவப்புக் கோடாக விழும். ஒரு குச்சியைச் சற்று நீட்டினால் நடையே மாறிவிடும். கணக்குப் புத்தகம் ஒருநாளும் அவளிடம் இப்படிப் பதில் பேசியதில்லை.

மீந்த பலகைத் துண்டுகளை எடுத்துக்கொள்ளச் சொன்ன யூஜின் அண்ணன், கடைப் பேரை மட்டும் இழுக்காதே என்று கும்பிட்டார்.

அந்தத் துண்டுகளும் ஒரு சின்ன மோட்டாரும் வைத்துச் செய்த முதல் நாய் நடக்கவில்லை, தன்னோடு தானே சண்டை போட்டது. திரையில் முன்காலை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதையே நகலெடுத்துப் பின்னால் ஒட்டியிருந்தாள். பல்லோடு பல் கடித்த இரண்டு சக்கரங்களும் எதிரெதிராகச் சுற்ற, முன்கால் ஏரிப் பக்கம் இழுத்தது, பின்கால் கடைப் பக்கம் இழுத்தது. நடுவில் மூன்றாவதாக ஒரு சக்கரம் வைத்ததும் சமாதானம் ஆயிற்று. நடந்த நாய் கடை ஷட்டர் இறங்கும் பள்ளத்தில் கால் மாட்டி விழுந்தது. லிஃப்ட் வாசலிலும் இப்படி ஓர் இடுக்கு உண்டே. மறுபடி திரைக்குப் போய் ஒரு குச்சியை நீட்டினாள். சிவப்புக் கோடு குன்று போல எழும்பியது. இப்போது நாய், வெள்ளை வேட்டிக்காரர் சேற்றைத் தாண்டுவது போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. உடம்பு குலுங்கியது. குலுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"இன்னாடி இது, கழுதையா?" என்றாள் அம்மா. விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. இருக்கிற வேலையும் போய்விடும், எடுத்து மூலையில் வை என்றாள். ஜிம்மி என்று பேர் வைத்த நாய் மூலையில் கிடந்தது.

அதை வெளியே எடுக்க வைத்தவர் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் அஷ்வின்தான். ஆறாவது மாடிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த தனபாக்கியத்திடம், படியில் உட்காராதீர்கள், பார்க்க நன்றாக இல்லை என்று மரியாதையாகத்தான் சொன்னார். அன்று சாயங்காலம் அம்மா காலை நீட்டவில்லை. "அந்த நாய் எங்க?" என்றாள்.

மறுநாள் காலை அம்மாவும் மகளும் ஜிம்மியைக் கயிற்றில் பிடித்து லிஃப்ட் வாசலில் நின்றார்கள். காவலாளி பலகையைப் படித்தார், ஜிம்மியைப் பார்த்தார், மறுபடி பலகையைப் படித்தார். நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார். அதற்குள் அஷ்வின் வந்துவிட்டார்.

"என்னங்க இது? இதுக்கு உயிரே இல்லையே."

"உயிர் வேணும்னு போர்டுல இல்ல சார்" என்றாள் யாமினி. "நான்தான் வெட்னேன். கயிறு வேணும்னுதான் போட்டிருக்கு."

அவளிடம் பேசிப் பயனில்லை என்று அவர் அம்மா பக்கம் திரும்பினார். படியில் போகலாம், இல்லையென்றால் நாளையிலிருந்து கேட்டுக்குள்ளேயே வர வேண்டாம் என்றார். அம்மா எப்போதும் போலத் தலையைக் குனிவாள் என்று யாமினி பயந்தாள். அம்மா குனியவில்லை.

"எங்கப்பா கோலார் தங்கச் சொரங்கத்துல வேல செஞ்சவரு சார். பூமிக்குள்ள எறங்கறதுக்குன்னா எங்க ஆளுங்களத்தான் மொதல்ல லிஃப்டுல ஏத்துனாங்க. மேல போறதுக்கு மட்டும் நாய் வேணுமா? சரி, கொண்டாந்துட்டேன்."

சொல்லிவிட்டு ஜிம்மியின் முதுகிலிருந்த சுவிட்சைத் தட்டினாள். எல்லார் கண்ணும் அந்த நாலு காலில். முன்கால் உயர்ந்து இடுக்கைத் தாண்டியது. பின்கால் விளிம்பில் உரசியது, உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது. நாய் ஒரு குலுங்கு குலுங்கி உள்ளே போய்விட்டது. பின்னாலேயே அம்மா. கதவு மூடியது. மேலே எண்கள் ஒவ்வொன்றாக எரிவதை, ஒன்பது வரும் வரை, யாமினி கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு கண்ணில் தூசி என்று காவலாளியிடம் சொன்னாள்.

அந்த வாரமே சங்கக் கூட்டத்தில் விலக்கை எடுத்துவிடலாம் என்றார் அஷ்வின். இரண்டு நாய் வளர்க்கும் நாலாவது மாடி நிருபமா எழுந்தார். அப்படியானால் வேலையாள் லிஃப்டில் வர முடியாது, என் நாய்களைத் தினமும் நானா கீழே கூட்டிப்போவது என்று கேட்டார். நாய் வைத்திருந்த எல்லாரும் அவர் பின்னால் நின்றார்கள். ஒன்பதாவது மாடிக்காரர்கள், சாம்பார் நேரத்துக்கு வந்தால் சரி என்றார்கள். பலகை அப்படியே இருந்தது.

இப்போது காலையில் லிஃப்ட் வாசலில் துடைக்கிறவர்களும் சமைக்கிறவர்களும் ஜிம்மிக்காகக் காத்து நிற்கிறார்கள். கயிற்றை எத்தனை கை பிடிக்கலாம் என்று பலகையில் எதுவும் போடவில்லை. யாமினி கயிற்றை நீளமாக மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.