உயிரோடு இருந்தவருக்கு ஒப்பாரி

சிங்கப்பூர் பஃபலோ ரோட்டுப் பக்கம் பால்காரப் பூவம்மாவின் முகம் தெரியாதவர்கள் சிலர் இருந்திருக்கலாம். குரல் தெரியாதவர் ஒருவரும் இல்லை. விடிந்தும் விடியாமல் தூக்குச்சட்டியோடு சந்துக்குள் நுழைந்து "பாலு" என்று ஒரே ஒரு தடவை சொல்வாள். மாடியில் குறட்டை விடுகிறவனும் எழுந்து உட்கார்ந்துவிடுவான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கணவன் கயிறு அறுந்து பாரம் மேலே விழுந்து செத்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. ஊருக்குத் திரும்பிப் போ என்று நாலு பேர் புத்தி சொன்னார்கள். அங்கே போய் யார் வீட்டுச் சோற்றை எதிர்பார்த்து உட்கார்வது என்று கேட்டுவிட்டு, மாட்டுக்கொட்டகையில் பால் வாங்கி வீடு வீடாக ஊற்ற ஆரம்பித்துவிட்டாள்.

பால் வயிற்றுப்பாட்டுக்கு. மரியாதை வேறு இடத்திலிருந்து வந்தது. அந்த வட்டாரத்தில் யார் செத்தாலும் ஒப்பாரியை அவள்தான் தொடங்க வேண்டும். காசு வாங்க மாட்டாள், சாவு வீட்டில் ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்க மாட்டாள். செத்தவர் செய்த வேலை, பேசின பேச்சு, நடந்த நடை எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலேயே வரி வரியாகக் கட்டிவிடுவாள். தையல்காரருக்குத் தையல்காரர் பாட்டு, கங்காணிக்குக் கங்காணி பாட்டு. மற்றப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு பின்வரியை வாங்கிப் பாடுவார்கள். அவள் வந்து சேரும்வரை அந்தத் தெருவில் யாருக்கும் அழுகையே ஒழுங்காக வராது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இல்லாமல் இருக்குமா?

ஐம்பத்தொன்பதில் தேர்தல் வந்தது. ஓட்டுரிமை உள்ளவர்கள் எல்லாரும் கட்டாயம் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும் என்று முதல்முறையாகச் சட்டம் போட்டிருந்தார்கள். அதுவரை பெண்கள் இருக்கிற பக்கமே திரும்பாத கட்சிக்காரர்களுக்குத் திடீரென்று உடன்பிறந்த பாசம் பொங்கிவிட்டது. அப்படிப் பாசம் பொங்கியவர்களில் தங்கராஜு ஒருவன். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை, மற்ற நேரமெல்லாம் கட்சி. பூவம்மாவை அக்கா அக்கா என்று கூப்பிட்டுக் கூட்டங்களுக்குப் பெண்களைத் திரட்டி வரச் சொல்வான். அவளும் போவாள். அக்கா என்று கூப்பிட அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

தங்கராஜு கட்சியின் வேட்பாளரை எதிர்த்துச் சுயேச்சையாக நின்றவர் தனசேகரன். சிராங்கூன் ரோட்டில் மருந்துக்கடை வைத்திருந்தவர், சாதுவான மனிதர். யாரோ நாலு பேர் நில்லுங்கள் என்றார்கள், நின்றுவிட்டார். ரேஸ்கோர்ஸ் ரோட்டில் மாடி வீடு. அவர் மனைவி பாக்கியலட்சுமி பூவம்மாவிடம்தான் பால் வாங்கினாள். சுமங்கலிகள் காலையில் முதலில் விதவை முகத்தில் விழிக்கக் கூடாது என்று சிலர் ஒதுங்கிப் போன காலத்தில், பாக்கியலட்சுமி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாங்கக்கா, ராத்திரி தூங்குனீங்களா?" என்று கேட்கிறவள்.

ஃபேரர் பார்க் திடலில் ஒரு நாள் சாயங்காலம் கட்சியின் பெரிய கூட்டம். வேட்பாளர் கேலாங்கில் பேசிவிட்டு வர வேண்டும். வந்தபாடில்லை. மேடையில் இருந்தவர்கள் தெரிந்ததையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டார்கள். ஜனங்கள் கச்சாங் பூத்தே கடலை வண்டியைப் பார்த்து நகர ஆரம்பித்தார்கள். தங்கராஜு வேர்த்துப்போய் பூவம்மாவிடம் ஓடி வந்தான்.

"அக்கா, மேடையில ஏறி ஏதாச்சும் பேசுங்க. கூட்டம் கலஞ்சிரும்."

"எனக்கு என்ன தம்பி அரசியல் தெரியும்?"

"தெரியாட்டி என்ன? பாடுங்க. உங்க தொண்டைக்கு அத்தனை பேரும் நிப்பாங்க லா."

ஏறினாள். அவளுக்கு உரக்கச் செய்யத் தெரிந்த காரியங்கள் இரண்டு. ஒன்று பால் விற்பது, மற்றது அழுவது. இங்கே பால் வாங்க ஆளில்லை என்பதால் அழுதாள். தனசேகரன் கட்டிய டெபாசிட் பணம் செத்துப்போய்விட்டதாக வைத்து, அதற்கு ஓர் ஒப்பாரி. பெற்ற பிள்ளையைப் போலப் பொத்திப் பொத்தி வளர்த்த டெபாசிட்டே, சொல்லாமல் போனாயே என்று இழுத்தாள். வண்டிப் பக்கம் போனவர்கள் திரும்பி வந்தார்கள். சிரிப்பு மைதானத்தின் அந்தக் கோடிவரை போயிற்று. அத்தோடு இறங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கீழேயிருந்து ஒருவன், "டெபாசிட்டுக்கு ஆச்சு, ஆளுக்கும் பாடுங்கக்கா" என்று குரல் விட்டான். ஆயிரம் பேர் தன்னைப் பார்த்துச் சிரிப்பது அவளுக்கு அதுவே முதல்முறை. சாவு வீட்டில் அவள் பாட்டைக் கேட்டு யாரும் கைதட்டியதில்லை. தலைக்கு ஏறிவிட்டது. பாடினாள்.

*மாத்திரை எண்ணித் தந்த மகராசன் கை ஓய*
*மருந்து வாசம் மட்டும் கடையில மணக்குதய்யா*
*ஊருக்கு நோய் தீர்த்த உத்தமரு போயிட்டாரே*
*ஒருத்திக்கு வந்த நோயை யாரு வந்து தீர்ப்பாரோ*

உற்றுக் கேட்டால் பாட்டில் கேலியே இல்லை. ஆள் உயிரோடு இருந்ததுதான் கேலி. அது போதாதென்று அடுத்த வரிக்கும் போனாள்.

*வச்ச பூ வாடலியே வாசம் இன்னும் போகலியே*
*வச்சுவிட்ட மகராசா வாசல் தாண்டிப் போனீரே*

இது அவள் தன் புருஷனுக்காகக் கட்டிய வரி. துறைமுகத்திலிருந்து அவனைத் தூக்கி வந்த அன்று பாடியது. அதற்குப் பிறகு எந்தச் சாவிலும் அதை அவள் எடுத்ததில்லை. அன்று எப்படி வாயில் வந்ததென்று அவளுக்கே புரியவில்லை. கூட்டம் விசில் அடித்தது. முன்வரிசையில் இருந்த சில பெரியவர்கள் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள்.

மறுநாள் சார்ஜன்ட் அப்துல் மஜீது விசாரிக்க வந்தார். யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். பாட்டை முழுக்கக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். "அவதூறுன்னா அவரைத் தப்பாச் சொல்லியிருக்கணும். நீங்க உத்தமருன்னுதானே பாடியிருக்கீங்க? இதுக்கு எந்தச் சட்டத்துல கேஸ் போடுறது?" என்று சலித்துக்கொண்டு போய்விட்டார். தங்கராஜுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பார்த்தீங்களாக்கா, சட்டமே நம்ம பக்கம்" என்றான்.

சட்டம் எந்தப் பக்கம் இருந்ததோ, தெரு அவள் பக்கம் இல்லை. பெண்கள் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவள் ஊற்றிவிட்டுச் சந்து திரும்பிய பிறகே தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. பாக்கியலட்சுமி வீட்டு வாசலில் பாத்திரமே இல்லை. எதிர்வீட்டு லட்சுமிதான் ஜன்னல் வழியாக விஷயத்தைச் சொன்னாள். "நேத்தே காளியம்மன் கோவிலுக்குப் போயிட்டாங்க. தாலிக் கயித்த மாத்திக்கிட்டு வந்திருக்காங்க."

பூவம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பாடியது ஓர் ஆம்பளையைக் குறிவைத்து. போய் விழுந்தது பெண் கழுத்தில். அதுவும் தன் கழுத்தில் அன்று என்ன விழுந்ததோ அதையே எடுத்து வீசியிருக்கிறாள். நடுச்சந்தில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அவமானமாக இருந்தது.

உடனே போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். தங்கராஜு விடவில்லை. "இப்ப மன்னிப்புக் கேட்டா நாம தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். ஓட்டு முடியட்டும்." அவளும் அவன் பேச்சைக் கேட்டாள். அக்கா என்று கூப்பிட்டவனை இழக்க மனமில்லை. அது அவளுடைய இரண்டாவது தப்பு.

தேர்தல் முடிந்தது. தனசேகரனுக்கு நிஜமாகவே டெபாசிட் போயிற்று. பூவம்மா மருந்துக்கடைக்குப் போய் நின்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. டெபாசிட் பாட்டுக்கு வீட்டுல உக்காந்து நானே சிரிச்சேன். போய் அவகிட்ட சொல்லு" என்றார்.

பாக்கியலட்சுமி அடுப்படியில் இருந்தாள். பூவம்மா வாசல்படியில் நின்று மன்னிப்புக் கேட்டதைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டுக்கொண்டாள்.

"எங்க ஜன்னலுக்கு உங்க ஸ்பீக்கரு நல்லாவே கேட்டுச்சுக்கா. அவரு சாப்புட்டுக்கிட்டு இருந்தாரு. பூ வரி வந்ததும் கைய உதறிட்டு எந்திரிச்சுட்டாரு. ஊரே கேக்க மைக்கு வச்சுச் சொன்னத, இங்க என் காதுகிட்ட வந்து மெதுவா இல்லேங்குறீங்களா?"

"எங்க வேணா சொல்றேன் பாக்கியம்."

"அப்ப ஊர் கேக்க சொல்லுங்க."

நியாயமான பேச்சு. சொல்ல ஓர் இடம்தான் வேண்டும். தங்கராஜுவிடம் போனாள். தேர்தல் முடிந்த பிறகு மைக் வைத்துக் கூட்டம் போட போலீஸ் பெர்மிட் கிடைக்காது, கிடைத்தாலும் கட்சி ஒப்புக்கொள்ளாது என்றான். கோவில் திருவிழாவில் மைக் கட்டியிருந்தார்கள். செயலாளரிடம் கெஞ்சினாள்.

"கோவில் மைக்குல அரசியல் பேசக் கூடாதும்மா."

"மன்னிப்பு எப்படிங்க அரசியலாகும்?"

"அவரு தேர்தல்ல நின்னவரு. அப்ப அரசியல்தான்."

ஒரு மனிதனை உயிரோடு சாகடிக்க மேடை, மைக், பெர்மிட், பந்தல் எல்லாம் தயாராக இருந்தன. அது தப்பு என்று சொல்ல இந்தச் சிங்கப்பூரில் நிற்க ஓரிடம் இல்லை. பேச்சுரிமை பற்றிப் பெரிய மனிதர்கள் எவ்வளவோ பேசுகிறார்கள். இந்த உரிமையைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

வருடங்கள் போயின. பால் வியாபாரம் ஒருவழியாகச் சீர்ப்பட்டது. பால் இல்லாமல் எத்தனை நாள் கோபப்பட முடியும்? ஆனால் சாவு வீடுகளில் அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் வாயில் விழுந்தால் வீட்டில் இன்னொன்று விழும் என்று பயம். பூவம்மா தெருமுனைவரை போய், பெண்கள் தாளம் தப்பிப் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்புவாள்.

அறுபத்திரண்டில் தனசேகரன் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. மூன்று வருடம் கழித்து வந்த சாவுக்கும் பூவம்மாவின் நாக்கே காரணம் என்று சொல்ல ஆள் இருந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தாள். நண்பகல் வாக்கில் லட்சுமி வந்து கதவைத் தட்டினாள்.

"அவங்க உங்களக் கூப்புடுறாங்க."

"என்னையா?"

"உங்களத்தான்."

கூடம் நிறையப் பெண்கள். ஒருத்தியும் தொடங்கவில்லை. வாசலில் ஆண்கள் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பாக்கியலட்சுமி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பூவம்மா உள்ளே வந்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

பூவம்மா உட்கார்ந்து வாயைத் திறந்தாள். மாத்திரை எண்ணித் தந்த கை என்றுதான் வந்தது. வேறு வரி தேடினாள். மருந்து வாசம் வந்தது, ஊருக்குத் தீர்த்த நோய் வந்தது. அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல இருந்த அத்தனையையும் அன்றே பாடித் தொலைத்திருந்தாள். எழுந்து, வாசலில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, பாலுக்குக் குரல் கொடுக்கிற அதே தொண்டையில் பேச்சாகவே சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இவரு உயிரோட இருந்தப்ப நான் இவருக்கு ஒப்பாரி வச்சேன். ஆளுங்க சிரிக்கணும்னு வச்சேன். அது தப்பு. இன்னைக்குப் பாட எங்கிட்ட ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் சிரிப்புக்கே செலவு பண்ணிட்டேன்."

வாசலில் மூங்கில் அறுக்கும் சத்தம் நின்றது. பாக்கியலட்சுமி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அது அவருக்குன்னு கட்டுன பாட்டுக்கா. அவருக்கே போய்ச் சேரட்டும்."

சொல்லிவிட்டு அவளே தொடங்கினாள். ராகம் எங்கெங்கோ அலைந்தது. ஆனால் ஒரு வார்த்தை பிசகவில்லை. மூன்று வருடமாக அதை மனசுக்குள் வைத்திருந்தவள் வேறெப்படிப் பாடுவாள்? பூ வரிக்கு வந்ததும் பாதியில் நிறுத்திப் பூவம்மாவைப் பார்த்தாள். பூவம்மா அந்தத் தெருவில் யாருக்கும் பின்வரி பாடியவள் இல்லை. அன்று மார்பில் அடித்துக்கொண்டு, பாக்கியலட்சுமி விட்ட இடத்திலிருந்து வாங்கிப் பாடினாள்.