ஒருதடவை மட்டும் கேட்கும் ஊர்

பக்கத்து வீட்டு ஜான் வேலி ஓரத்தில் என்னைப் பார்த்ததும் உள்ளே வரச் சொன்னார். டனீடன் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நியூசிலாந்தின் தெற்கே இருக்கிற ஊர். இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் நம் ஊர்க்காரன் வாசலைத் திறந்தாலே பல் தந்தியடிக்கும். கணப்புக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, "டீ?" என்றார். "இல்லை, வேண்டாம்" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் ஒரு பெரிய கோப்பை நிறைய எடுத்துவந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து, ரசித்துக் குடித்தார். நான் அந்தக் கோப்பையின் ஆவியைப் பார்த்தபடியே ஒரு மணிநேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

மனைவி சுனிதா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு ஒரு வருடம் முன்னால் வந்தவள். நடந்ததைச் சொன்னதும் சிரித்தாள். "இங்க ஒரு தடவதான் கேப்பாவ. வேணும்னா அப்பமே சொல்லணும். நான் வந்த புதுசுல ரெண்டு மாசம் வெறும் வெள்ளத்தக் குடிச்சுக் கெடந்தேன், தெரியுமா?"

எங்கள் ஊரான அருமனைப் பக்கம் வழக்கம் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தவரிடம் முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. அவர் வேண்டாம் என்பதும் மரியாதைக்கு. இரண்டாம் தடவை கேட்டால், "இப்பந்தான் குடிச்சிட்டு வாறேன்" என்று ஒரு பொய் சொல்லவேண்டும். மூன்றாம் தடவை, "செரி, கொஞ்சம்போல தாங்க" என்று இறங்கிவரலாம். விளிம்பு தளும்பத் தருவார்கள். முதல் கேள்விக்கே தலையாட்டுகிறவனைக் காய்ந்த மாடு கம்பில் புகுந்த கதையாகப் பேசுவார்கள். நாற்பது வயதுவரை அப்படியே வளர்ந்த ஆள் நான். ஒரு கோப்பை டீ போனது பெரிய இழப்பில்லை. ஆனால் அதே வழக்கம் பிறகு ஓர் ஆறு வயதுக் குழந்தையிடம் என்னைக் கவிழ்த்துவிட்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஊரில் நான் குழந்தைகளுக்கான ஆலோசகன். சுனாமிக்குப் பிறகு எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் இரண்டு வருடம் அலைந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை இங்கே யாரும் சீந்தவில்லை. முதலில் ஒரு பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தேன். மூன்றாம் வருடம், குழந்தைகளோடு வேலைசெய்யும் ஆலோசகர்களுக்கு விளையாட்டுச் சிகிச்சையில் அடிப்படைப் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். மாமனார் போனில், "மருமவனுக்கு இப்பம் என்ன சோலி?" என்றார். "விளையாடப் படிக்கேன் மாமா" என்றேன். "போனை மகளுக்கிட்டக் குடு" என்றார்.

பயிற்சியை நடத்தியவர் ஹெலன். அறுபது வயதிருக்கும், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் என்னைவிடச் சீக்கிரம் எழுந்துவிடுவார். ஓர் அறை, அதில் மணல்தொட்டி, பொம்மைவீடு, விளையாட்டு அடுப்பு, பிளாஸ்டிக் காய்கறி. பெரியவர்கள் வாயால் சொல்வதைக் குழந்தைகள் பொம்மையால் சொல்வார்கள்; நாம் கூட இருந்தால் போதும் என்பதுதான் பாடம். கேள்வி கேட்கக் கூடாது. சொல்லிக்கொடுக்கக் கூடாது. சபாஷ் போடக் கூடாது. குழந்தை எங்கே போகிறதோ அதன் பின்னால் போகவேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. முதல் ஒத்திகையிலேயே குழந்தையாக நடித்த சக மாணவி யானைக்கு நீலம் பூச, நான் சாம்பல்நிறப் பென்சிலை எடுத்து நீட்டிவிட்டேன்.

பயிற்சியின் ஒரு பகுதியாக ஒரு குழந்தையோடு பன்னிரண்டு வாரம், வாரம் ஒருமுறை, விளையாட்டறையில் இருக்கவேண்டும். அதைப் படம்பிடித்து ஹெலன் பார்ப்பார். என்னிடம் வந்த குழந்தையை ரூபி என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீடுகள் மாறி ஐந்தாவது வளர்ப்பு வீட்டில் இருந்தாள். யாரிடமும் எதையும் வாங்கமாட்டாள், யாருக்கும் எதையும் கொடுக்கமாட்டாள். முதல் மூன்று வாரமும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் ஏதோ சமைத்தாள். அவள் செய்வதை நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். "இப்போது கிண்டுகிறாய். இப்போது மூடி வைக்கிறாய்." அவள் திரும்பவில்லை.

நான்காம் வாரம் ஒரு தட்டில் பிளாஸ்டிக் முட்டையை வைத்து என் முன்னால் வந்து நின்றாள். தட்டை நீட்டினாள். நான் சிரித்த முகத்தோடு கையை அசைத்து, "வேண்டாம், வேண்டாம், நீ சாப்பிடு" என்றேன்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. திரும்பிப் போய் முட்டையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு மறுபடி முதுகைக் காட்டினாள். நான் என்ன செய்தேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. ஹெலன் படத்தை அந்த இடத்தில் நிறுத்தி, "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்டபோது, ஏதோ பாராட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அவளுக்கு மரியாதை கொடுத்தேன்" என்றேன்.

"அவள் கொடுத்தாள். நீங்கள் வேண்டாம் என்றீர்கள்."

எங்கள் ஊரின் மூன்று தடவைக் கணக்கை விளக்கினேன். ஹெலன் சிரிக்காமல் கேட்டார். "அவள் இரண்டாம் தடவை கேட்பாள் என்று காத்திருந்தீர்களா?" என்றார். நான் ஆம் என்று தலையசைத்தேன். "அந்தக் குழந்தையிடம் இரண்டாம் தடவை இருக்கிறதா என்று தெரியவில்லையே" என்றார். வெட்கமும் வருத்தமும் சேர்ந்து வந்தன. இனி என்ன செய்வது என்று கேட்டேன். "நீங்களாகக் கேட்டு வாங்கக் கூடாது. அவளாகத் தரவேண்டும். தராமலும் போகலாம்." மீதி எட்டு வாரம்தான் இருந்தது.

அன்று பஸ்ஸில் வரும்போது குளச்சல் பக்கத்துத் தற்காலிகக் குடியிருப்பு ஒன்று ஞாபகம் வந்தது. சுனாமிக்கு மறுவருடம். கையில் நோட்டுப் புத்தகத்தோடு போய், "பயமா இருக்கா? தூக்கம் வருதா?" என்று பிள்ளைகளைக் குடைந்த காலம். ஒரு சின்னப் பெண் தேங்காய்ச் சிரட்டையில் ஈரமண்ணை அடைத்துக் கவிழ்த்து, "சாரே, புட்டு தின்னுங்க" என்றாள்.

"வேண்டாம் மக்களே, இப்பந்தான் தின்னேன்."

"அதெப்படி? வீட்டுக்கு வந்திட்டு வெறும் வயித்தோட போவியளா? ரெண்டு வாய் தின்னுங்க."

வீடு என்று அவள் சொன்னது மண்ணில் விரலால் கீறிய நாலு கோடு. நான் மறுபடி மறுத்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். மூன்றாம் தடவை தின்றேன். அப்போது அதை நான் நோட்டில் எழுதவில்லை. வீடு போன பிள்ளைக்கும் உபசரிக்கும் வழக்கம் போகவில்லை. நான் தப்பாக மறுத்தாலும் அவளுக்கு வழி தெரிந்திருந்தது. ரூபிக்கு அந்த வழியை யாரும் காட்டவில்லை.

வீட்டில் சுனிதா எனக்குத் தனிப்பயிற்சி தொடங்கினாள். எதை நீட்டினாலும் உடனே "வோ, தாங்க" (எங்கள் ஊரில் 'வோ' என்றால் ஆமாம்) என்று இரண்டு கையாலும் வாங்கவேண்டும். முதல் இரண்டு நாள் மீன் பொரித்ததை நீட்டினாள். மூன்றாம் நாளிலிருந்து, "இந்தாங்க, குப்பைய வெளிய வையிங்க", "இந்தாங்க, துணிய மடக்குங்க." எல்லாவற்றுக்கும் "வோ" என்றேன். ஆளிடம் வேலைவாங்க அவள் படித்துவைத்திருந்த பாடம் எனக்கு எந்தப் பயிற்சியிலும் கிடைக்கவில்லை.

ஐந்தாம் வாரமும் முதுகுதான், ஆறாம் வாரமும் முதுகுதான். ஏழாம் வாரம் கரடிப் பொம்மைக்கு விருந்து வைத்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்பதாம் வாரம் ஒரு தட்டைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள். "இது யாருக்கும் இல்லை" என்றாள். "யாருக்கும் இல்லாத தட்டு ஒன்று அங்கே இருக்கிறது" என்றேன். என் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். பத்தாம் வாரம் தட்டு கொஞ்சம் என் பக்கம் நகர்ந்திருந்தது.

பதினோராம் வாரம் அதே பிளாஸ்டிக் முட்டையோடு முன்னால் வந்து நின்றாள். தட்டை நீட்டி, "இதில் விஷம் இருக்கிறது" என்றாள்.

"வோ" என்றேன். இங்கிலீஷே வரவில்லை. இரண்டு கையாலும் வாங்கிச் சத்தம்போட்டுத் தின்றேன். பிறகு ரகசியக் குரலில், "இப்போது எனக்கு என்ன ஆகும்?" என்றேன். கேள்விதான், ஆனால் விளையாட்டுக்குள்ளே கேட்டால் ஹெலன் அனுமதிப்பார். ரூபி என்னை மேலும் கீழும் பார்த்து நிறைய நேரம் யோசித்தாள்.

"ஒன்றும் ஆகாது. இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்றாள்.

ஒரு காரட் வந்தது. பாதிப் பீட்சா வந்தது. தட்டு நிறைந்து வழிந்தது. ஆறு வருடத்தில் யாருக்காவது அவள் அப்படிச் சொல்லியிருப்பாளா என்று தெரியாது. என் கண் நிறைந்துவிட்டது. படத்தைப் பார்த்த ஹெலன் அந்த இடத்தில் நிறுத்தவே இல்லை, ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, சுனாமிக் காலத்தில் என்னோடு வேலை செய்த பிரிசில்லா டீச்சர் கருங்கல் என்ற ஊரில் ஒரு கோயில் மண்டபத்தைப் பிடித்து, உள்ளூர் ஆலோசகர்களுக்கு மூன்று நாள் வகுப்பு எடுக்கச் சொன்னார். சிரட்டையில் மண்புட்டு அவித்து ஒத்திகை நடத்தினேன். ஒருவராலும் முதல் தடவையே வாங்க முடியவில்லை.

"கேட்ட ஒடனே வாங்கித் தின்னா பிள்ளை என்ன நினைக்கும் சாரே?" என்றார் ஒரு பெண்.

"பசிச்சிருக்குன்னு நினைக்கும்."

"அதான் வெக்கம். நம்ம பிள்ளை ரெண்டாம் தடவ கேக்கும் சாரே."

"கேக்கத் தெம்புள்ள பிள்ளை கேக்கும். அந்தத் தெம்பு இல்லாததுதான் நம்மகிட்ட வரும்."

அந்தப் பெண் சிரட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கடைசி நாள் மாலை டீச்சர் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றும்போதே, "சாயா குடிக்கியளா சாரே?" என்றார். "வோ, தாங்க" என்றேன். டீச்சர் கணவரைப் பார்த்தார். கணவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார்.

"வீட்டுல பாலு இல்ல சாரே" என்று டீச்சர் சிரித்தார். "நீங்க ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லுததுக்குள்ள அவரு கடைக்குப் போயிட்டு வந்திருப்பாரு. இப்படி ஒடனே வேணும்னு சொன்னா நான் என்ன செய்வேன்? சாரு அங்கத்த ஆளாயிட்டிய."

அந்த இரண்டு மறுப்பும் எதற்காக என்று நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு விளங்கியது. கால்மணி நேரம் கழித்துச் சாயா வந்தது. டீச்சர் நீட்டியபோது, "ஐயோ, இதெல்லாம் எதுக்கு, வேண்டாம்" என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குள் கைகள் இரண்டும் நீண்டு டம்ளரை வாங்கிவிட்டிருந்தன.