அடிச்சேறு காயும்வரை

போன திங்கட்கிழமை, ஒரு மாதத்துக்குக் கிட்ட, நாலு கிழமை லீவு முடிந்து வேலைக்குப் போனேன். ஆய்வுகூடக் கவுண்டரில் ஐந்தாறு பேர் நின்றார்கள். எல்லோர் கையிலும் ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பை. பைக்குள் இறால் குஞ்சுகள். வரிசையில் முதலாவதாக நின்ற நௌபர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான் —

“மிஸ், நல்லாக் காஞ்சிட்டீங்களா?”

வரிசை முழுக்கச் சிரிப்பு. சுகமில்லாமல் லீவில் இருந்து வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

புத்தளத்துக் கடல்நீர்க் களப்பை ஒட்டிய இறால் பண்ணைக்காரர்கள், குளத்தில் குஞ்சு விடுமுன் எங்களிடம் கொண்டு வருவார்கள். வெண்புள்ளி நோய் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ‘இல்லை’ என்று நான் கையெழுத்துப் போட்டால் விடுவார்கள். நோயோடு விட்டால் ஒரு பருவத்து உழைப்பு முழுக்கச் செத்து மிதக்கும். நௌபரும் ஒரு பண்ணைக்காரன். என்னோடு ஒரே டியூஷன் வகுப்பில் படித்தவன். ஆய்வுகூடத்துக்குள் வந்தால் மட்டும் ‘மிஸ்’ — அதுவும் நக்கலுக்கு.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பின்னேரம் குஞ்சு மாதிரி போட்ட போத்தல்களை எண்ணினேன். ஒரு இலக்கம் குறைந்தது. திரும்ப எண்ணினேன்... இரண்டு போத்தல்களில் ஒரே இலக்கம். இரண்டிலும் என் கையெழுத்து. ஒன்றில் நோய், மற்றதில் இல்லை. எது எவருடையது?

அறிக்கை வெளியே போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இரண்டு பேரிடமும் திரும்ப மாதிரி எடுத்தோம். ஆனால் அன்றைக்கே இராஜினாமாக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்து வைத்தேன். என் கண்ணை நானே நம்ப முடியாவிட்டால், பிறகு எனக்கு அந்தக் கதிரை எதற்கு?

பட்டியல் போடுவது என் வியாதி. அப்போது போட்டது இது: ஒன்பது மணித்தியாலம் தூங்கியும் களைப்பு. உம்மாவின் மீன் ஆணம்கூட ருசிக்கவில்லை. போன் அடித்தால் திடுக்கிடுகிறேன். ஒருவர் சலாம் சொன்னாலும் எரிச்சல்.

முதலில் டொக்டரிடம்தான் போனேன் — இதை அழுத்திச் சொல்கிறேன். களைப்புக்குப் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கலாம் அல்லவா? இரத்தம், தைரொயிட் எல்லாம் பார்த்துவிட்டு, “பேர்ன் அவுட்” என்றார் — வேலையிலேயே கருகிப்போன களைப்பு. இரண்டு கிழமை லீவு எழுதினார். மற்ற வைத்தியங்களும் செய்யலாமா என்று கேட்டேன். “செய்யுங்க. என்னென்ன செய்றீங்க எண்டு எனக்கும் சொல்லுங்க” என்றார்.

விடுவேனா? வீட்டுக்கு வந்ததும் எக்செல் திறந்தேன். ஐந்தரைக்கு மூச்சுப் பயிற்சி ஆப். ஆறு மணிக்கு இலைக்கஞ்சி. ஏழுக்கு ஒன்லைன் யோகா. செவ்வாய் ஹிஜாமா — முதுகில் கப் வைத்து உறிஞ்சும் வைத்தியம். வியாழன் சிலாபத்தில் ஆயுர்வேத எண்ணெய்த் தேய்ப்பு. பின்னேரம் கடற்கரை நடை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சரி போட ஒரு பெட்டி!

மூன்றாம் நாள் கஞ்சி கால் மணித்தியாலம் பிந்தியது.

“உம்மா, ஆறு மணி எண்டு சொன்னன்தானே!”

உம்மா கோப்பையை மேசையில் வைத்தார். “கஞ்சி ஒன்ட ஒடம்புக்கா மகள், ஒன்ட லிஸ்டுக்கா?”

பெட்டியில் சரி போட்டேன். ‘பிந்தியது’ என்று குறிப்பும் எழுதினேன்.

ஹிஜாமாவில் இன்னும் விசேஷம். அதைச் செய்கிற பெண் என் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “புள்ள, இது முதுகா பலகையா? மூச்ச விடுங்க” என்றார். விட்டேன். ஏழு கப் ஏறியது. அப்போது போன் அடித்தது. குப்புறப் படுத்தபடியே எடுத்து, ஒரு பண்ணைக்காரருக்குத் தண்ணீரின் அமோனியா அளவைப் பற்றி விளக்கம் சொன்னேன். முதுகில் ஏழு கப், காதில் போன். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் நௌபர் போன் எடுத்தான்.

“மிஸ், என்ட ரெண்டாவது குளம் காஞ்சிட்டு. தண்ணி விடலாமா?”

ஒரு அறுவடைக்கும் அடுத்ததுக்கும் இடையில் குளத்தை வடித்து வெயிலில் காய விட வேண்டும். அடியில் கிடக்கும் அழுகல் சேறு காய்ந்து வெடித்தால்தான் அடுத்த குஞ்சு பிழைக்கும். பண்ணைக்காரருக்கோ அந்த நாட்கள் முள்ளில் நிற்கிற மாதிரி.

“கால் வச்சுப் பாத்தீங்களா?”

“மேல வெள்ளையா, நல்லா இருக்கு.”

“மேல கேக்கல்ல. காலை வைங்க.”

போனில் ‘சளக்’ என்று ஒரு சத்தம்... “சீ! முழங்கால் வரைக்கும் போய்ட்டு. கறுப்புச் சேறு, நாத்தம்!”

“பாத்தீங்களா? இதுக்கு மேல தண்ணிய விட்டிட்டு எந்த மருந்தைக் கொட்டினாலும் வேலைக்காகாது.”

“சரி, சரி. நீங்க லீவுதானே? இண்டைக்கு எத்தன போன் கோல் எடுத்தீங்க?”

“ஆறு.”

“நல்ல லீவு! மதகத் தொறந்து வச்சிட்டுக் குளம் காயுதா எண்டு பாக்குறீங்க.”

சிரிக்கத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை அவனிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். “நௌபர், அண்டைக்கு உங்களுட்டத் திரும்ப மாதிரி எடுத்தமே... நான்தான் ரெண்டு போத்தலுக்கும் ஒரே நம்பர் போட்டன்.”

“அதுல ஒண்டு என்டயா?”

“ஓம்.”

நக்கல் இல்லாத குரலில், “அப்ப நீங்க மொதல்ல காயுங்க. நானும் குளத்தக் காய விடுறன். ரெண்டு பேரும் தண்ணி விடப்படாது” என்றான்.

அன்றைக்குப் போனை உம்மாவின் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பொறுப்பதிகாரியிடம் இன்னும் இரண்டு கிழமை கேட்டேன். மாற்று ஆள் போட்டுத் தந்தார். பட்டியலையும் அழித்தேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற எவளாவது ஆறு மருந்தை ஒரே போத்தலில் ஊற்றி, எது வேலை செய்தது என்று கேட்பாளா? நான் கேட்டேன்!

அழித்த பட்டியலில் எது மிஞ்சி நின்றது? மூச்சு நின்றது — பதறாதீர்கள், பயிற்சியைச் சொல்கிறேன். ஆப் இல்லாமல், ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு பத்து நிமிடம். கஞ்சியும் மிஞ்சியது, எப்போது வருகிறதோ அப்போது. ஹிஜாமா வேலை செய்ததா? நேர்மையாகச் சொன்னால் தெரியாது. ஆனால் இரண்டாம் தரம் போன் இல்லாமல் படுத்திருந்த அந்த ஒரு மணித்தியாலம் சுகமாக இருந்தது. எண்ணெய்த் தேய்ப்பும் அப்படித்தான். சிலாபத்திலிருந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தேன். கடற்கரை நடை, மனம் வந்த நாளில் மட்டும். யோகாவை விட்டுவிட்டேன். குற்ற உணர்ச்சி இல்லை.

நாலாம் கிழமை ஒரு பகல், உம்மாவிடம் மீன் ஆணம் இன்னும் கொஞ்சம் கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது. சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போய், கணினியில் கிடந்த இராஜினாமாக் கடிதத்தை அழித்தேன்.

அதனால்தான் திங்கட்கிழமை நௌபர் கேட்டபோது கோபம் வரவில்லை.

“கால் வச்சுப் பாத்திட்டுத்தான் வந்தன்” என்றேன். “நீங்க?”

“காலடி அகலத்துக்கு வெடிப்பு, மிஸ்! போட்டோ காட்டவா?”

“பையத் தாங்க மொதல்ல.”

வாங்கி, போத்தலில் இலக்கம் எழுதினேன். அடுத்தவருடைய போத்தலில் அடுத்த இலக்கம்.