மேர்சி கடல்வீடு பார்க்கப் போனது

பூசைக்குக் கட்டுகிற இளநீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வல்வெட்டித்துறை பஸ்ஸில் ஏறும்போதே, மேர்சி பதிலை முடிவு செய்துவிட்டாள். வீடு எப்படி இருந்தாலும் சரி, "நல்லது, வாங்கு" என்பதுதான் பதில்.

கேட்டிருந்தது தம்பி றமேஸ். நோர்வேயின் வடக்கு மூலையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பிறந்த ஊரான குருநகரை விட்டுப் போகும்போது மீசை அரும்பியிருந்தது. இப்போது வீடியோவில் வந்தால் தலை நரைத்துக் கிடக்கிறது. மனைவி பிரிந்து போய்விட்டாள். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டில் இருக்கிறார்கள். பனிக்காலம் தொடங்கினால் "ஊருக்கு வந்திடப்போறன் அக்கா" என்பான். பனி உருகியதும் அந்தக் கதையும் உருகிவிடும்.

இந்த முறை உருகவில்லை. வல்வெட்டித்துறைக்கு மேற்கே, சுற்றி மதில் கட்டி, வாசலில் காவல் போட்ட 'நீலமுனை' என்ற குடியிருப்பில், கடலோடு ஒட்டிய வீடு ஒன்று விற்பனைக்கு இருப்பதை இணையத்தில் பார்த்துவிட்டான்.

"படத்திலை எல்லாம் வடிவாத்தான் இருக்கும். நீ நேரிலை போய்ப் பார். நீ ஓம் எண்டா வாங்கிக்கொண்டு வந்திடுவன். இல்லையெண்டா ஊர் யோசினையையே விடுறன்."

மேர்சியின் புருஷன் செத்துப் போய்ச் சில வருடங்கள். மகள் மன்னாரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மீன் விற்றுவிட்டு வந்து கதவைத் திறந்தால், கதைக்க ஒரு சுவர்தான் மிச்சம். தம்பி ஒரு பஸ் ஓட்டத்தில் வந்து இருப்பான் என்றால், வீட்டில் குறை பிடிக்க அவளுக்கு என்ன பைத்தியமா?

நீலமுனை வாசலில் காவலாளி அவளுடைய செருப்பைப் பார்த்தான்.

"வேலைக்கோ அம்மா? வேலைக்கு வாற ஆக்கள் பின் கேற்றாலை."

"வீடு வாங்க வந்தனான்."

"ஆர்?"

"நான்தான். ஏன், முகத்திலை மீன் செதில் ஒட்டியிருக்கோ?"

அவன் கதிரையை விட்டு எழும்பிய வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்தது. உள்ளே இருந்து, வீடுகளைக் காட்டுகிற பிள்ளை டிலக்ஷி ஓடிவந்து, "வாங்கோ அன்ரி" என்று கூட்டிப்போனாள்.

கதவு கோயில் கதவு உயரம் இருந்தது. தரை பளபளத்ததில், யாருடைய முகத்தையோ மிதிப்பதுபோல மேர்சி காலை மெல்ல வைத்து நடந்தாள். குசினி அவளுடைய முழு வீட்டையும்விடப் பெரிது.

"மீன் வெட்ட இதுக்கை எங்கை குந்துறது பிள்ளை?"

"இதுக்கை வெட்டேலாது அன்ரி. வெளியிலை அதுக்கெண்டு வேறை குசினி இருக்கு."

"மீனுக்கும் தனி வீடோ!" என்று மேர்சி வாயைப் பிளந்தாள்.

டிலக்ஷி ஒரு திரையை இழுத்தாள்.

சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கடல் இருந்தது.

மேர்சி கடலோடு பிறந்தவள்தான். ஆனால் குருநகர்க் கடல் முழங்கால் ஆழத்துக் கடல்; சேறும் படகும் வலையும் மண்ணெண்ணெய் மணமுமாகக் கிடப்பது. அங்கே வீடுகளெல்லாம் தெரு ஒழுங்கையைப் பார்த்து நிற்கும், கடல் கொல்லைப்பக்கம். மீன் வந்ததா என்று பார்க்கத்தான் யாரும் கடலைப் பார்ப்பார்கள். சும்மா பார்ப்பதற்காக ஒருவன் கடலுக்கு முன்னால் வீடு கட்டுவான் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. இங்கேயோ கடல், கரையில் பச்சையாகத் தொடங்கி, நீலமாகி, தூரத்தில் கறுத்து, உலகம் முடிகிற இடம்வரை ஓர் ஒட்டுமில்லாமல் விரிந்து கிடந்தது.

போனை எடுத்து வீடியோவில் றமேஸை அழைத்தாள்.

"தம்பி, கடல் வீட்டுக்குள்ளை வருதடா! சத்தியமா. இப்பிடியொண்டை நான் சீவியத்திலை காணேல்லை."

"விடக்கா. நான் வாறதுக்காகச் சொல்லுறாய். குடிசையைக் காட்டினாலும் நீ இதைத்தான் சொல்லுவாய்."

அவளுக்குச் சுருக்கென்றது. பேருந்தில் எடுத்த முடிவை அவன் அங்கிருந்தே கண்டுபிடித்துவிட்டான்.

"நில், வெளியிலை காட்டுறன்" என்று கண்ணாடிக் கதவைத் தாண்டினாள். கடல் படிவரைக்கும் வந்து நின்றது. செருப்பைக் கழற்றினாள். புதுக் கடலுக்குப் போனால் அவளுடைய ஆட்கள் செய்வதுபோல, குனிந்து தண்ணீரைத் தொட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, விரலை முத்தமிட்டாள்.

உப்பில்லை.

"மாதாவே! டேய், இந்தக் கடல் உப்பில்லையடா!"

டிலக்ஷி சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்தினாள். "அன்ரி, அது நீச்சல் தடாகம். கடல் அங்காலை கீழை. ரெண்டும் ஒண்டாத் தெரியிற மாதிரிக் கட்டியிருக்கு."

நோர்வேயில் றமேஸ் விழுந்து விழுந்து சிரித்தான். மேர்சியும் சிரித்தாள். இரண்டு தண்ணீருக்கும் நடுவில் ஒரு கோடுகூடத் தெரியாமல் கட்டிய கையை நினைத்து அதிசயம் இன்னும் கூடியது.

சிரிப்பு ஓய்ந்ததும் றமேஸ், "அது கிடக்கட்டும். வளவுக்கை கிணறு இருக்கோ?" என்றான்.

யாழ்ப்பாணத்தில் காணி பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார்கள். உவர் என்றால் கதை அதோடு சரி. றமேஸோ, உப்புத் தண்ணியில் குளித்து, நல்ல தண்ணி கொண்டுவரும் பவுசர் லொறிக்குப் பின்னால் வாளியோடு ஓடி வளர்ந்தவன். வீடென்று ஒன்று வாங்கினால் நல்ல தண்ணிக் கிணற்றோடுதான் என்று சின்னனில் இருந்தே சொல்லுவான்.

கிணறு இருந்தது. பழைய கிணறு, புது ஓட்டுக்கூரை போட்டு, பூங்கொடி படர விட்டிருந்தார்கள்.

"அது வடிவுக்கு அன்ரி. குடிக்கிறதுக்குச் சுத்திகரிச்ச தண்ணி குழாயிலை வரும்" என்றாள் டிலக்ஷி.

மேர்சி கேட்கவில்லை. வாளியை இறக்கி, அள்ளி, ஒரு மிடறு வாயில் விட்டாள். நாக்கு உடனே சொல்லிவிட்டது.

"என்னக்கா? எப்பிடி?"

அவள் விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. "நல்ல தண்ணி" என்று இரண்டு சொல் போதும். அவன் வந்துவிடுவான். வந்து ஒருநாள் தானும் ஒரு வாளி அள்ளுவான். அன்றைக்கு அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

துப்பினாள்.

"உவர், தம்பி. குருநகரைவிட மோசம்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தாள். அவன் முகம் அசையாமல் இருந்தது. எல்லாம் போச்சு, என் வாயாலேயே கெடுத்தேன் என்று நினைத்தாள்.

"அக்கா."

"சொல்லு."

"அப்ப நீ முந்திச் சொன்னதும் மெய்தானோ?"

"எது?"

"கடல் வீட்டுக்குள்ளை வருதெண்டது."

"மெய்யடா. நீ வந்து பாக்கோணும். எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

"இருபத்தைஞ்சு வருஷமா இஞ்சை நல்ல தண்ணிதான் குடிக்கிறன். அதாலை என்ன கண்டன்?" என்றான் அவன். "அந்தப் பிள்ளையிட்டை ஓம் எண்டு சொல்லு. தையிலை வாறன். போனைக் கொஞ்சம் கடல் பக்கம் திருப்பிப் பிடி."

அவள் திருப்பிப் பிடித்தாள். கீழே பாறைத்திட்டில் அலை உடைந்து வெள்ளையாக எழும்பியது. அதற்கு அப்பால் ஒரு படகு, பொட்டளவுதான், அசையாததுபோல அசைந்துகொண்டிருந்தது.

"அன்ரி, என்ன முடிவு?" என்று டிலக்ஷி மெல்லக் கேட்டாள்.

"ஓம் பிள்ளை, ஓம்" என்றாள் மேர்சி, கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.