சாம்பிராணி மேல் போட்ட பழி

கடல் மீன் வளர்ப்பதைப் போல எரிச்சல் பிடித்த வேலை வேறு இல்லை. நாய் பசித்தால் குரைக்கும், பூனை காலைச் சுற்றி வரும். இந்த மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் சொல்லாது. நாம் செய்த தப்பைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் போய் நிற்கும். என்ன தப்பு என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். நான் கண்டுபிடித்தேன். ஆனால் அதை ஒரு வருடத்துக்கு மேல் மறைத்து வைத்திருந்தேன்.

கிழக்குத் தாம்பரத்தில் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்குத் தெருவெல்லாம் குடங்கள் வரிசை கட்டியிருந்த கோடை அது. நான் கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். என் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து, கூடத்தில் கட்டில் போட்டிருந்தோம். டிவி தலைவலி என்றாள். பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது உயிருள்ளதாக இருக்கட்டும் என்று மீன் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தங்க மீனைக் காட்டினார். நான் ஆரஞ்சு நிறத்தில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைக் காட்டினேன்.

"அது கடல் மீனு சார். ரொம்ப பேஜாரு. கடல் தண்ணி நான் வண்டில கோவளத்துலேர்ந்து கொண்ணாந்து தருவேன். ஆனா அத்த ஊத்தறதுல ஒரு கணக்கு கீது..."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றேன். அவர் சொல்ல வந்ததைக் கேட்காமலே கிளம்பிவிட்டேன்.

மீன் வந்த ஒரே வாரத்தில் அது அவளுடையதாகிவிட்டது. அவள் குரல் கேட்டால் தொட்டியில் அவள் இருக்கும் பக்கத்துக்கு வந்து நிற்கும். நாள் முழுக்க என்னைப் பற்றி அதனிடம் புகார் சொல்வாள். "பாரு, இன்னிக்கும் காபில சக்கரை மறந்துட்டாரு." பதினைந்து நாளில் எனக்கு அந்த மீன் மேல் பொறாமையே வந்தது. ஆனால் வலி வலி என்று புலம்புவது குறைந்திருந்தது.

வெயில் ஏற ஏற, தொட்டியில் வாரத்துக்கு இரண்டு விரற்கடை நீர் குறைந்தது. குறையும்போதெல்லாம் கேனில் இருந்த கடல் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இரண்டு மாதம் கழித்து மீன் தீனியைத் தொடவில்லை. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. கூப்பிட்டாலும் வரவில்லை. விளக்கை மாற்றினேன், தீனியை மாற்றினேன், காற்றுக் குழாயைக் கழுவினேன். ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவு செய்தும் சரியாகாத எதன் மேலும் எனக்குக் கோபம் வரும்.

அன்று வெள்ளிக்கிழமை. வேலைக்கார அம்மா தணல் கொண்டுவந்து கொடுக்க, என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாம்பிராணி போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் விடாத வழக்கம். புகை கூடத்தில் பரவியது. எனக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டது.

"இந்தப் புகையெல்லாம் தண்ணில கரைஞ்சு அதோட செவுள்ல ஒட்டுது. உன் பக்திக்கு ஒரு உயிர் போகுது பாரு!"

அவள் குடிக்க வைத்திருந்த தம்ளர் தண்ணீரை எடுத்துத் தணலில் ஊற்றினாள்.

மறுநாள் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். புகைக்கு ஏதாவது மருந்து இருக்குமா என்று கேட்கத்தான். கடைக்காரர் உப்பு அளக்கும் கண்ணாடி மிதவையை அதில் போட்டார். அது அளவுக் கோட்டைத் தாண்டித் துள்ளி மேலே நின்றது.

"இன்னா சார், ஊறுகா போட்டுகினு கீறீங்களா?"

"குறையும்போதெல்லாம் நீங்க குடுத்த தண்ணிதான் ஊத்தினேன்."

"அட இன்னா சார் நீங்க! தண்ணி ஆவியா பூடும், உப்பு எங்க போவும்? அங்கயேதான கீது. நீங்க மேல மேல உப்ப ஏத்திகினே போறீங்க. கொறஞ்சதுக்கு நல்ல தண்ணி ஊத்தணும் சார். கடல் தண்ணி, பழசை எடுத்துட்டு மாத்தறதுக்கு." அவர் மிதவையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இன்னா வேல பாத்தீங்க?"

"காலேஜ் வாத்தியார்."

"இன்னா பாடம்?"

முப்பது வருடம் நான் நடத்தியது வேதியியல்.

"வரலாறு" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று என்னை ஆறுதல்படுத்தினார்.

அந்த மிதவையில் ஒன்றை வாங்கி வந்து புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்தேன். ஒரேயடியாக உப்பைக் குறைத்தால் மீன் தாங்காது என்று அவர் எச்சரித்திருந்தார். தினம் ஒரு குவளை உப்பு நீரை எடுத்துவிட்டு, ஒரு குவளை கேன் குடிநீரை ஊற்றினேன். பத்தாம் நாள் மீன் தீனிக்கு எழும்பி வந்தது.

"பாத்தீங்களா, சாம்பிராணிய நிறுத்தினதும் சரியாயிடுச்சு" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். "ம்" என்றேன்.

அந்த "ம்" வீட்டையே மாற்றியது. கற்பூரம் நின்றது. மிளகாய் வறுப்பது பின்கட்டுக்குப் போனது. கொசுவத்தியும் போனது. தாம்பரத்துக் கொசு என்னைப் பிடுங்கித் தின்றது. நான் வாயைத் திறக்க முடியாமல் சொறிந்துகொண்டு கிடந்தேன். அவள் தன் தங்கையிடம் போனில் சொல்வாள்: "நாந்தாண்டி அதைக் கொல்லப் பாத்தேன். அவர்தான் ராத்திரி பகலா பாத்துக் காப்பாத்தினார்." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவள் மேல் எரிச்சல் வரும். என் மேல் வர வேண்டியது அது.

மீனை மட்டும் குறையில்லாமல் வைத்திருந்தேன். கண்ணாடியில் கோடு போட்டு, நீர் அதற்குக் கீழே இறங்கினால் நல்ல தண்ணீர். வாரம் ஒரு வாளி மட்டும் மாற்றக் கடல் தண்ணீர். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு. ஒரு வருடம் ஓடியது.

அடுத்த வருடம் பேரனின் முதல் பிறந்தநாள் வந்தது. எங்கள் வீட்டிலேயே கணபதி ஹோமம் வைக்கலாம் என்று மகன் சொன்னான். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

"மீனைக் கடைக்கே திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள். "காலைலேர்ந்து புகை இருக்கும். குழந்தைக்குச் செய்யறதை வேண்டாம்னு சொல்ல முடியாது. இது என் கண்ணு முன்னாடி செத்தா என்னால தாங்க முடியாது. எனக்கு வளர்க்கற ராசி இல்ல."

மிதவையை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு, கடைக்காரர், வரலாறு, ஒன்றையும் விடவில்லை.

அவள் அந்த மிதவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"உப்பு ஆவியாகாதுன்னு மோர் மிளகாய் காயவைக்கிற எனக்குத் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"தப்புதான்."

"ஒரு வருஷம். நான் கொலைகாரி மாதிரி..." பிறகு கேட்டாள்: "அது அன்னிக்கே செத்துப்போயிருந்தா, இதை என்கிட்ட சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்."

"இனிமே தொட்டில நீங்க கை வைக்க வேண்டாம். தண்ணி தூக்கிக் குடுங்க, போதும்."

ஹோமத்தன்று தொட்டியை உள்ளறைக்கு நகர்த்திக் கதவைச் சாத்தினோம். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் பொறுப்பில் அது இன்னும் ஆறு வருடம் இருந்தது. வாராவாரம் மிதவையைப் போட்டு அளவை நாட்காட்டியில் குறிப்பாள், நான் கேனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். மீன் செத்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், அவள் மறுபடி கேட்கவே இல்லை.